ராஸ் அல் கைமாவில் டைபீரியஸின் தாய்

“…அப்ப, ராசாவாவே இருந்தும் பெத்த தாய் சாவுக்கு அவன் போகலீங்களா? அவனுக்கு லீவு குடுக்க மேல எவன் இருந்தான்?” என்று கேட்டார் கந்தசாமி.

ராஸ் அல் கைமாவில், கல் உடைக்கும் ஆலை ஒன்றின் கேம்பில், எட்டுப் பேர் தங்கும் அறையில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கேட்ட கேள்வி அது. ராசா என்று அவர் சொன்னது, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியை ஆண்ட டைபீரியஸை. அந்த ராசாவின் தலை பொறித்த வெள்ளிக்காசு ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவே, ஒரு எவர்சில்வர் மூடியின் மேல் இருந்தது. கேட்டுவிட்டு அவர் என்ன செய்தார் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். ஆனால் அதற்கு முன்னால், கரூரில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவன் அந்த அறைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் அமராவதி ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் மணல் சலிக்க ஆட்கள் இறங்குவார்கள். பாசிமணி, மோதிரம், பழைய காசு என்று ஏதாவது அகப்படும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் சாம்பிள் மடித்து, சீட்டு ஒட்டிக் கட்டும் வேலை. ஆனால் காசுப் பைத்தியம். வாங்க வசதி இல்லாவிட்டாலும், யார் கொண்டுவந்து காட்டினாலும் பார்த்துச் சொல்வேன். அப்படி ஒரு மழைக்காலத்தில் தங்கவேல் வந்தான். கையில் ஒரு வெள்ளிக்காசு. ஒரு பக்கம் தேய்ந்துபோன ஆண் தலை. கன்னத்தின் குறுக்கே ஆழமாக ஓர் உளிவெட்டு. மறுபக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண். ஒரு கையில் நீளமான கோல், இன்னொரு கையில் இலையுள்ள கிளை. எனக்கு அப்போது புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசைத் தவிர வேறெதுவும் பெரிதாகத் தெரியாது. “அம்மன்டா. கையில வேப்பிலையைப் பாரு” என்று சொல்லிவிட்டேன். தங்கவேல் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

நாலு வருஷம் கழித்து, நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தின் படங்களைப் பார்த்துப் பார்த்து ரோமானிய எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டபோதுதான் என் முட்டாள்தனம் எனக்கே புரிந்தது. தலையைச் சுற்றியிருந்த எழுத்து, கடவுளாகிவிட்ட அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் என்றது. மறுபக்கம், தலைமைப் பூசாரி என்ற பட்டம். அந்தப் பெண்ணைச் சமாதான தேவதை என்பவர்கள் உண்டு. அந்த வேஷத்தில் உட்கார்ந்திருப்பது ராஜாவின் தாய் லிவியாதான் என்று சொல்பவர்களும் உண்டு. கையில் இருந்தது ஒலிவக் கிளை. அதற்குள் தங்கவேல் காசில் ஓட்டை போட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்து, கழுத்தில் கட்டிக்கொண்டு விமானம் ஏறியிருந்தான். கடல் தாண்டிப் போனவனைக் கூப்பிட்டு உன் சாமி சாமியில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

சொல்லாமலே போய்விட்டது. ஐந்து மாதத்துக்கு முன் தங்கவேலின் பிரேதம் பெட்டியில் வந்தது. கூடவே ஒரு சூட்கேஸ், ஒரு பழுப்பு உறை. உறைக்குள் இதயம் நின்றுபோனதாக ஒரு காகிதம். அவன் கம்பெனி கேட் அட்டையும் இருந்தது. வேலை முடிந்த அட்டை மறுபடி செல்லக்கூடாது என்பதற்காக அதைக் கத்தரித்திருந்தார்கள். கத்தரி போட்டோவின் குறுக்கே போயிருந்தது.

அவன் மனைவி சரோஜா எங்கள் கம்பெனியில்தான் விரிப்புக்கு ஓரம் அடிக்கிறாள். அட்டையை என்னிடம் காட்டி, “மூஞ்சியை எதுக்குங்கண்ணா வெட்டுனாங்க?” என்று மட்டும் கேட்டாள். அதைவிட அவளை அரித்துக்கொண்டிருந்தது காசு. கழுத்தில் அது இல்லை. சூட்கேஸிலும் இல்லை. அரவக்குறிச்சிப் பக்கத்துக் கந்தசாமி என்றொருவர், தங்கவேலோடு ஒரே ரூமில் இருந்தவர், அன்றிலிருந்து ஒரு போன்கூடப் பண்ணவில்லை. செத்தவன் கழுத்திலிருந்து அறுத்து எடுத்துவிட்டார்கள் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. துபாயில் நடக்கும் துணிக் கண்காட்சிக்குச் சாம்பிளோடு என்னை அனுப்புகிறார்கள் என்று தெரிந்ததும் நேராக வந்து நின்றாள். “காசு கெடைக்காட்டியும் போகுதுங்க. உசுரோட இருக்கும்போது கழட்டினாரா, பொணத்துல இருந்து எடுத்தாங்களா, அதை மட்டும் கேட்டுட்டு வாங்க.”

திங்கட்கிழமை விடிகாலை துபாயில் இறங்கினேன். என் சாம்பிள் பெட்டி இறங்கவில்லை. தேய்ரா பகுதியில் ஒரு சிறிய ஓட்டல். வரவேற்பு மேசைக்கு மேலே ஆட்சியாளர்களின் படங்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு, வரிசையாக. மேசையில் இருந்த மலையாளி சசி, தினமும் காலையில் அதன் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவாராம். வெளியே வந்தால் கட்டடத்தின் பத்து மாடி உயரத்துக்கு அதே முகங்கள். எங்கள் ஊர் கட் அவுட்டுகள் தேர்தல் முடிந்ததும் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிடும். இங்கே ஒரு கிழிசல் இல்லை.

டீக்கடையில் சில்லறை கொடுத்தார்கள். காசுப் பைத்தியம் சும்மா இருக்குமா, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு திர்ஹம் காசில் ராஜா இல்லை. மூக்கு நீண்ட ஒரு காப்பிக் கூஜா. சசியிடம் சொன்னேன். “முகம் சுவரில் இருந்தால் போதும் சேட்டா, பாக்கெட்டில் வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள்” என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, சொன்னது யார் காதிலாவது விழுந்ததா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

ரோமாபுரிக்காரனுக்கு அந்த யோசனை இல்லை. சுவர் வைக்க முடியாத இடத்துக்கும் முகத்தை அனுப்ப வேண்டுமென்றால் காசுதான் வழி. தான் பார்த்தேயிராத அமராவதிக் கரையில், தன் பேரைப் படிக்கத் தெரியாதவன் இடுப்பு மடிப்பில் எல்லாம் டைபீரியஸ் இருந்தான். கூடவே தகப்பன் கடவுள் என்ற அறிவிப்பு, நான்தான் பெரிய பூசாரி என்ற அறிவிப்பு. எங்கள் ஆள் யாரோ ஒருவன் உளியை எடுத்து அந்தக் கன்னத்தில் ஒரு போடு போட்டான். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உள்ளே வெள்ளியா என்று பார்க்க என்கிறார்கள். இனி இது காசாகச் செல்லாது, எடைக்கு வெறும் வெள்ளி என்று காட்ட என்றும் சொல்கிறார்கள். முன்பெல்லாம் எனக்கு இரண்டாவது காரணம் பிடிக்கும். சரோஜா அந்த அட்டையைக் காட்டிய பிறகு பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்து சேர்ந்தது. ஒரு மூலை நசுங்கி, உள்ளே இருந்த விரிப்புகளில் யாருடைய ஊறுகாய் எண்ணெயோ இறங்கியிருந்தது. எங்கள் ஸ்டாலுக்கு வந்தவர்கள் துணியைவிட அந்த வாசனையைத்தான் அதிகம் கவனித்தார்கள். பக்கத்து ஸ்டாலில் இருந்த கராச்சிக்காரர் தன் துண்டுகளால் எண்ணெயை ஒற்றி எடுத்துக் கொடுத்தார். போட்டிக் கம்பெனி. ஒற்றிக்கொண்டே, “உங்கள் சரக்கு விற்கக்கூடாது என்பது என் ஆசைதான்; ஆனால் ஊறுகாயால் தோற்கக்கூடாது” என்று உருதுவில் சொன்னார். அன்றைய தினத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

புதன்கிழமை மதியம் ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனேன். பஸ்ஸில் தவறான திசையில் ஏறி, மெட்ரோ ரயிலுக்காக எழும்பிக்கொண்டிருந்த தூண்களையே இரண்டு தடவை பார்த்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது மூடும் நேரம். இந்த நாட்டு மணலில் கிடைத்த பழைய பொருட்கள். ஒரு கண்ணாடிப் பெட்டியில் நகம் அளவு தேய்ந்த ரோமானியக் காசு. காவலுக்கு இருந்த வங்காளதேசத்து மனிதர், எல்லோரும் வந்ததும் தங்கம் எங்கே என்றுதான் கேட்பார்கள், நீ ஒருத்தன்தான் இதன் முன்னால் நிற்கிறாய் என்றார். எங்கள் ஊர் ஆற்றிலும் இது கிடைக்கும் என்றேன். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு காசைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்படியானால் இதுவும் நம்மைப் போலத்தான். எங்கே எறிந்தாலும் அங்கே கிடக்கும்.” விளக்கை அணைக்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை சசியிடம் கேம்பின் பெயரைச் சொல்லி வழி விசாரித்தேன். அவருடைய சித்தப்பா மகன் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் தொழிற்சாலையில் இருக்கிறார். இரண்டு போனில் கந்தசாமி அதே ரூமில்தான் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. போனை வைத்த சசி, அந்த மனிதரிடம் ஊரிலிருந்து ஆள் வருகிறார் என்றதும் ஒன்றும் பேசாமல் கட் பண்ணிவிட்டாராம் என்றார். அன்று துபாய்க்கு மாற்றலாகி வந்த ஒரு திருச்சிக்காரர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை போட, அவர் மனைவி அதைத் தமிழில் தீர்த்துவைத்தார். நல்ல மிளகு ரசம்.

வெள்ளிக்கிழமை காலை மினி பஸ். ஓட்டியவர் பெஷாவர்க்காரர். உம் அல் குவைன் தாண்டியதும் பின் டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் காற்றில்லாமல் இருந்தது. பதினான்கு பேரும் இறங்கி, இருந்த ஒரே மரத்தின் நிழலைப் பங்கு போட்டு நின்றோம். நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். ஒரு பூச்சு வேலைக்காரர் ஆரஞ்சு ஒன்றைச் சுளை சுளையாக உரித்து, பேர் கேட்காமல் எல்லோருக்கும் கொடுத்தார். டிரைவர் முதலாளிக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. பிறகு எங்களைப் பார்த்து, “வண்டிக்கும் வெள்ளிக்கிழமை லீவு வேணுமாம்” என்றார் இந்தியில். யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பக்கத்து மணல்மேடுகளில்தான் ரோமானியப் பொருட்கள் தோண்டி எடுத்தார்கள் என்று படித்திருந்தேன். வேறு நாளாக இருந்திருந்தால் வெயிலைப் பார்க்காமல் இறங்கி நடந்திருப்பேன். அன்று வேலிக்கு அப்பால் பார்க்கவே தோன்றவில்லை. கந்தசாமியிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதையே பத்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தண்ணீர் லாரி எங்களில் நாலு பேரை ஏற்றிக்கொண்டது.

மலை அங்கே திடீரென்று எழுகிறது. பச்சை ஒரு துளி இல்லை. மலையின் ஒரு பக்கத்தை வெட்டி வெட்டிப் படிக்கட்டு போல ஆக்கியிருந்தார்கள். காற்றில் மாவு மாதிரி கல்தூசி. கேம்ப் வாசலில் மட்டும் நாலு வேப்பமரம், இலையெல்லாம் வெள்ளை பூத்து. காவலாளியிடம் கந்தசாமி பெயரைச் சொன்னதும் கையால் இரண்டாவது வரிசையைக் காட்டினார்.

அறையில் நாலு பேர்தான் இருந்தார்கள், மற்றவர்கள் டியூட்டி. ஓர் ஓரத்தில் மின்சார அடுப்பில் கோழிக்குழம்பு கொதித்தது. கந்தசாமிக்கு நாற்பது இருக்கும். கீழ்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காருங்க என்று இடம் விட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. தங்கவேல் ஊர் என்றேன். தெரியும் என்றார். சரோஜா அனுப்பினாள் என்றேன். காசைப் பற்றிக் கேட்டேன். எந்தக் காசு என்றார்.

குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த முருகேசன், ராமநாதபுரத்துக்காரன், திரும்பிப் பார்த்தான். “அண்ணே, மொதல்ல சாப்பிடுங்க. வெறும் வயித்துல கேட்டா இவரு வெறும் வாயால பொய் சொல்லுவாரு.”

குபூஸ் ரொட்டியைக் கிழித்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டோம். நாலு பேரும் எனக்கே கறியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். மோர் டப்பா ஒன்றை என் பக்கம் தள்ளினார்கள். சாப்பிடும்போதுதான் கவனித்தேன்: இரும்பு அலமாரிக்கு மேலே சுவரில் ஒரு காலண்டர்; அதன் ஓரத்தில் சிவப்பாகக் கசிகிற வெளிச்சம். மத்தியானத்தில் காலண்டருக்குப் பின்னால் பல்பு எதற்கு? நான் பார்ப்பதை முருகேசன் பார்த்துவிட்டான். கையைக் கழுவிவிட்டு வந்து, கந்தசாமியை ஒரு பார்வை பார்த்து, காலண்டரைக் கழற்றினான். கேம்ப் பாஸ் வந்தால் மறைப்பதற்காகத் தொங்கவிட்டது. வெளியே என் காலடிச் சத்தம் கேட்டதும் கம்பெனி ஆள் என்று நினைத்து மாட்டினார்களாம்.

சுவர் ஓரமாக ஒரு பலகை. ஜீரோ வாட் சிவப்பு பல்பு. எவர்சில்வர் மூடி ஒன்றைத் தட்டாக்கி, மஞ்சள் பூசி, அதன் மேல் காசு. லிவியா நெற்றியில் குங்குமம். காலடியில் வாசல் மரத்து வேப்பிலை. ராஜா முகங்குப்புற மஞ்சளுக்குள் அழுந்திக் கிடந்தான்.

கிரஷருக்கு மேலே ஏறுகிற எட்டுப் பேரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் டியூட்டிக்குப் போவார்களாம். தங்கவேலுக்கு அப்புறம் ஒருத்தனுக்கு ஒரு விரல்கூட நசுங்கவில்லை என்று முருகேசன் சொன்னான். ஒரு தடவை, லீவில் ஊருக்குப் போக இருந்த ஆள் ஒருவன் கும்பிடாமல் கிளம்பி, ஏர்போர்ட் வரை போய், பாஸ்போர்ட்டில் ஏதோ கோளாறு என்று திரும்பி வந்தானாம். “ஆத்தா கோவக்காரிண்ணே” என்றான், அதில் கொஞ்சம் பெருமையோடு.

“சரோஜாகிட்ட நான் என்ன சொல்லட்டும், கந்தசாமி?” என்றேன். “பிணத்துல இருந்து எடுத்ததா அது நம்பிக்கிட்டு இருக்கு.”

அவர் தலையை நிமிர்த்தினார். அந்த வார்த்தை அவரை எங்கோ அடித்துவிட்டது. பிறகு பேச ஆரம்பித்தார், நிறுத்தவில்லை.

அன்றைக்கு அவருக்குக் கடும் காய்ச்சல். கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள், லீவு எழுதவில்லை. கிரஷரின் மேல் தட்டில் அன்று அவருடைய முறை. தங்கவேல் தன் டியூட்டி முடிந்து வந்தவன், அடுத்த டியூட்டியும் நான் போகிறேன், நீ படு என்றான். கிளம்பும்போது கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி, கந்தசாமியின் தலையணைக்கு அடியில் வைத்தான். மேலே, கல்லை இழுத்துப்போகும் பெல்ட்டில் ஒரு கல் சிக்கியிருக்கிறது. எடுக்கக் குனிந்திருக்கிறான். மேலே ஆள் இருப்பது தெரியாமல் கீழிருந்து யாரோ பெல்ட்டை ஓட்டியிருக்கிறார்கள்.

“ஆத்தா என் தலைக்குக் கீழ இருந்தா, அண்ணன் கழுத்துல இல்லே. என்னையக் காப்பாத்திட்டு அவரை விட்டுட்டா. எந்த மூஞ்சியோட அக்காளுக்குப் போன் போடுவேன்? உம் புருசன் சாமிய வாங்கிக்கிட்டு நாந்தான் உசுரோட இருக்கறேன்னு சொல்லச் சொல்றீங்களா?”

அடுப்பை அணைத்துவிட்டு முருகேசன் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டான். காகிதத்தில் இதயம் நின்றது என்றல்லவா போட்டிருந்தது என்று கேட்டேன். மேலிருந்து முருகேசன்தான் பதில் சொன்னான்: “இங்க எல்லாச் சாவுக்கும் அதுதாண்ணே பேரு.”

பத்து விதமாகச் சொல்லிப் பார்த்து வந்ததில் ஒன்றும் உதவவில்லை. இந்த மனிதரை ஐந்து மாதமாக நசுக்கிக்கொண்டிருப்பது, ஒரு மழைக்காலத்தில் நான் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தை. அதைச் சொன்னேன். அம்மன் என்று தங்கவேலுக்குச் சொன்னது நான்தான், தெரியாமல் சொன்னேன், தெரிந்த பிறகும் திருத்தவில்லை என்றேன். அது ரோமாபுரி ராஜாவின் காசு. அந்த அம்மாள் அவனைப் பெற்றவள் என்கிறார்கள். கையில் இருப்பது வேப்பிலை இல்லை.

மற்ற இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவன், பெரியவரே, சாப்பிட்ட இடத்தில் இப்படிப் பேசாதீர்கள் என்றான். கந்தசாமி அவனைக் கையமர்த்திவிட்டு, மூடியோடு காசை எடுத்து வந்து எங்களுக்கு நடுவில் கட்டிலின் மேல் வைத்தார். ஐந்து மாதத்தில் முதல் முறையாக அதைத் திருப்பினார். ஈரத்துண்டால் மஞ்சளைத் துடைத்தார். பெரிய மூக்கு, தலையில் இலை மாலை, கன்னத்தில் வெட்டு.

“இந்த வெட்டு?”

“நம்ம ஆளு எவனோ போட்டது. இனிமேல் செல்லாதுன்னு.”

“செல்லாததைத்தான் கும்பிட்டமுங்களா?”

தங்கவேல் கழுத்தில் இது தொங்கியிருந்தாலும் பெல்ட் நின்றிருக்காது என்றேன். அவன் இதைக் கழற்றியதால் சாகவில்லை. நீ இதை வைத்திருந்ததால் பிழைக்கவில்லை.

“அப்ப எனக்குக் காய்ச்சல் விட்டது?”

“மாத்திரையில.”

மேல் கட்டிலில் முருகேசன் சிரித்தான். சிரித்த வேகத்திலேயே நிறுத்திக்கொண்டான்.

என்னை நம்புவதா என்று கந்தசாமி யோசித்ததாகத் தெரியவில்லை. காசை மறுபடி திருப்பி, அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு அப்போது தெரியாது; பிறகு என்னைக் கேட் வரை கொண்டுவந்து விட்டபோது முருகேசன் சொன்னது. போன வருஷம் கந்தசாமியின் தாயார் தவறிவிட்டார். லீவு எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடும் மேனேஜர் ஊரில் இல்லை. லீவு கிடைத்தபோது ஊரில் பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. இனி எதற்கு என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பதினாறு நாளும் தங்கவேல்தான் அவருக்குச் சோறு போட்டு, பக்கத்தில் படுத்திருந்தான்.

இது தெரிந்திருந்தால் அடுத்த கேள்விக்கு நான் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன். தெரியாததால், புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன்.

“இந்தம்மா அவனுக்கு முன்னால செத்தாங்களா, பின்னாலயா?”

முன்னால்தான் என்றேன். நல்ல கிழவியாகி இறந்தாள். மகன் அப்போது தலைநகரில் இல்லை. கடலுக்கு நடுவே ஒரு தீவில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே ஆண்டான். தாய் இறந்த செய்தி போயிற்று. இதோ வருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். நாள் தள்ளிக்கொண்டே போனான். இங்கே பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வரவில்லை. வைத்திருக்க முடியாத நிலை வந்த பிறகு, அவன் இல்லாமலே காரியத்தை முடித்தார்கள். அவள் முகத்தைக் காசில் போட்டு உலகம் பூராவும் அனுப்பியவன், கடைசி முகத்தைப் பார்க்க வரவில்லை.

அப்போதுதான் அவர் அதைக் கேட்டார். ராசாவாவே இருந்துமா என்றார். லீவு கொடுக்க அவனுக்கு மேலே எவன் இருந்தான் என்றார். கோபமாகக் கேட்கவில்லை. டியூட்டி சீட்டில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருப்பதைக் கண்டவர் மாதிரிக் கேட்டார்.

வெளியே நாலு மணி டியூட்டிக்கான பஸ் வந்து ஹாரன் அடித்தது. மற்ற இரண்டு பேரும் ஹெல்மெட்டை எடுத்தார்கள். பலகையைப் பார்த்தார்கள், பலகையில் வேப்பிலைதான் இருந்தது. கட்டிலில் கிடந்த காசை ஒருவன் குனிந்து தொட்டான். இன்னொருவன் தொடலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவனும் தொட்டுவிட்டுப் போனான்.

கந்தசாமி காசை எடுத்து இடது கைக்குள் மூடிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். எண்ணை என்னிடம் கேட்கவில்லை, அவரிடமே இருந்தது. ‘தங்கவேல் வீடு’ என்ற பெயரில் கொஞ்ச நேரம் கட்டைவிரல் நின்றது. அழுத்தினார். மணி போகிற சத்தம் எனக்கும் கேட்டது. நாலு தடவை, ஐந்து தடவை. கரூரில் இப்போது ஓரம் அடிக்கிற மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும், கேட்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எதிர்முனையில் மிஷின் சத்தத்துக்கு நடுவே சரோஜாவின் குரல், யாருங்க என்றது.

கந்தசாமி கட்டிலை விட்டு எழுந்து நின்றார். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார்.

“அக்கா, நான் கந்தசாமி பேசறனுங்க” என்றார். “அண்ணன் தன் கையாலயே கழட்டி எங்கிட்டக் குடுத்ததுங்க.”